கான்பான்

மென்பொருள் குழுக்களில் இன்று புழங்கும் ‘கான்பான்’ என்னும் சொல் ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகையைக் குறிப்பது. ‘கான்’ பார்த்தலையும் ‘பான்’ பலகையையும் சுட்டும். டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ, விற்ற பொருளுக்கு ஈடாக மட்டுமே அடுக்கை நிரப்பும் அமெரிக்கப் பேரங்காடிகளின் வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு வகுத்த முறையில், உதிரிபாகப் பெட்டியோடு செல்லும் அட்டை இப்பெயரைப் பெற்றது. அவ்வட்டை திரும்பி வந்தாலன்றி முந்தைய பிரிவு புதிதாக எதையும் செய்யலாகாது என்பதால், அட்டைகளின் எண்ணிக்கையே இருப்புக்கு உச்சவரம்பாயிற்று. சொல்லின் உயிர் இவ்வரம்பில்தான் இருக்கிறது.

டேவிட் ஆண்டர்சன் 2010இல் வெளியிட்ட நூலால் மென்பொருள் துறையில் பரவிய இம்முறையில், ஒரே நேரத்தில் கையில் இருக்கத்தக்க வேலைகளின் அளவு ‘நடப்புப் பணி வரம்பு’ எனப்படும். பலகையில் ‘சோதனை’ என்னும் பத்தியின் தலைப்பில் 3 என்று எழுதி, அதன்கீழ் மூன்று அட்டைகள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால், நிரல் எழுதி முடித்தவர் நான்காவதை அங்கே நகர்த்த இயலாது. புதிய வேலையைத் தொடங்காமல், தேங்கியதை முடிக்க அவர் சோதனையாளருக்குக் கைகொடுக்க வேண்டியதாகிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, நாளொன்றுக்கு 3 வேலைகளை முடிக்கும் குழுவிடம் சராசரியாக 12 வேலைகள் இருந்தால் ஒவ்வொன்றும் முடியச் சராசரியாக 4 நாள் ஆகும். வேகம் மாறாமல் 6 ஆகக் குறைந்தால் 2 நாளே ஆகும். பலகையை மாட்டிவிட்டு வரம்பை எழுதாது விட்ட குழு, கான்பானைக் கைக்கொண்டதாகக் கருதப்படாது.