பின்வண்டிக்குப் போகும் நீல ஒயர்

டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் என்பது, ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது பின்னால் இழுபடும் வண்டியின் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் சின்னப் பெட்டி. அமெரிக்கப் பிக்கப்களில் டேஷ்போர்டுக்குக் கீழே, முழங்காலுக்கு எட்டும் தூரத்தில் இதைத் திருகி வைப்பார்கள்.

இந்தத் தொழில் வளர்ந்ததில் விஸ்கான்சினின் பெலாய்ட் நகரத்து ஆர்தர் வார்னருக்குப் பெரும் பங்கு உண்டு. கார்களுக்கு வேகமானி செய்து பணம் பார்த்தவர்; 1909-லேயே சொந்தமாக விமானம் வாங்கிப் பறந்தவர். 1927-ல் மின்சார பிரேக் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் வீட்டையே காரின் பின்னால் கட்டி இழுக்கும் மோகம் அமெரிக்காவில் பரவியது. இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு இருந்தது. நிறுத்துவதுதான் பாடாக இருந்தது.

மின்சார பிரேக்கின் சூட்சுமம் எளிது. பிரேக் டிரம்முக்குள் வில்லை போன்ற ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து கொஞ்சம் நகரும். அந்த நகர்வு ஒரு நெம்புகோலைத் திருப்ப, பிரேக் ஷூ விரிந்து டிரம்மை அழுத்தும். பிடிக்கும் பலத்தைச் சக்கரத்தின் சுழற்சியே கொடுத்துவிடுவதால் ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் போதும். நான்கு சக்கரத்துக்கு 12.

ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தார் என்பது பின்வண்டிக்கு எப்படித் தெரியும் என்பதுதான் சிக்கல். ஆரம்பத்தில் கையால் தள்ளும் நெம்புகோலே விடை. பிறகு வந்தது எண்ணெய் வழி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயில் ஒரு கிளை பிரித்து, பிரேக் ஆயிலைக் கன்ட்ரோலருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். மிதிக்க மிதிக்க ஆயில் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் மின்தடைச் சுருளின் மேல் நகர்ந்து மின்சாரத்தைக் கூட்டும். பெடலுக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்த முறை அந்தக் காலத்தில் வேறில்லை. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஆயில் கசிய இன்னொரு இடம்.

1980-களின் கடைசியில் பிக்கப்களின் பின்சக்கரங்களுக்கு ஏபிஎஸ் வந்தது. ஆயில் அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பில் கிளைக்குழாய் போடுவது வம்பு. அதனால் பிரேக் விளக்கின் ஸ்விட்ச்சிலிருந்து சேதி எடுக்கும் மின்னணுக் கன்ட்ரோலர்கள் இடம்பிடித்தன. அவற்றில் மலிவானவை, மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும், முன்பே வைத்த வேகத்தில்தான் மின்சாரத்தை ஏற்றும். இதை ஒப்பேற்றல் என்றுதான் சொல்ல வேண்டும். ஊசல் வைத்தவை மேல்: வண்டி வேகம் குறையும்போது உள்ளே தொங்கும் ஊசல் முன்னால் சாயும், சாய்வுக்கேற்ப மின்சாரம் போகும். மிச்சிகனின் டெகோன்ஷா ஊரின் பெயரையே தாங்கிய நிறுவனம் இவ்வகையில் பேர் பெற்றது. ஊசலைக் கிடைமட்டமாகச் சரிசெய்யாவிட்டால் பிரேக் முந்தியோ பிந்தியோ பிடிக்கும்.

பழைய பிக்கப்பில் இதைப் பொருத்துவது நான்கு ஒயர் வேலை. கறுப்பு, சர்க்யூட் பிரேக்கர் வழியாக நேரே பேட்டரிக்கு: இரண்டு அச்சு வரை 20 ஆம்பியர், அதற்கு மேல் 30. வெள்ளை, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு. துருப்பிடித்த தகரத்தில் எர்த் கொடுத்தால் பிரேக் ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. சிவப்பு, பெடல் ஸ்விட்ச்சில் மிதித்தால் மட்டும் மின்சாரம் வரும் பக்கத்துக்கு. நீலம், பின்பம்பருக்குக் கீழுள்ள ஏழு முனை பிளக்குக்கு. பிரேக்குக்கும் திரும்பும் சைகைக்கும் ஒரே பல்பு எரியும் சில பழைய வண்டிகளில், அபாய விளக்கைப் போட்டால் அந்தத் துடிப்பு சிவப்பு ஒயரில் ஏறி, டிரெய்லர் பிரேக்கும் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

எத்தனை மாறினாலும் கை நெம்புகோல் மட்டும் போகவில்லை. டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கினால், பெடலைத் தொடாமல் அதன் பிரேக்கை மட்டும் பிடித்து நேராக்க அதுதான் கை கொடுக்கிறது.

2005-ம் ஆண்டின் ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் கன்ட்ரோலர் ஆலையிலேயே டேஷ்போர்டுக்குள் பொருந்தி வந்தது. அது சேதி எடுத்தது மறுபடியும் பிரேக் ஆயிலின் அழுத்தத்திலிருந்துதான். இம்முறை குழாய்க்குப் பதில் உணரியும் ஒயரும்.