கணேஷ் ஹலோயின் ஈர நிலம்

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வாழ்கிறவர்களுக்கு, நீரும் நிலமும் ஆண்டுதோறும் எல்லை மாற்றிக்கொள்வது பழகிப்போன ஒன்று. மார்கழி மழை பெருத்த ஆண்டுகளில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் எங்கே முடிகிறது, வாவி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வேலிக் கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். வெள்ளம் வடிகிறபோது முதலில் வரம்பு ஒரு மெல்லிய கோடாக எழும். பிறகு ஒரு பச்சைத் துண்டு, அதன் பக்கத்தில் சேற்று நிறத்தில் ஒரு சதுரம், நடுவில் வானத்தைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பள்ளம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிக் கடக்கிற எவரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கண்ணோடு கணேஷ் ஹலோயின் ஓவியம் ஒன்றின் முன்னே நின்றால் விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. கல்கத்தாவில் வாழ்ந்து வரைந்த இந்த வங்க ஓவியரின் நீர்வண்ணப் படங்களில் மரம் இல்லை, வீடு இல்லை, மனிதர் இல்லை. கோடுகள், புள்ளிகள், சிறு முக்கோணங்கள், பச்சையும் நீலமும் மண்நிறமுமான பரப்புகள், அவ்வளவுதான். ஆனாலும் அது நீர் நின்று வடிந்த ஒரு நிலம் என்பது நீர்க்கரையில் பிறந்தவருக்கு உடனே தெரியும்.

ஹலோய் 1936இல் இன்றைய பங்களாதேசத்தின் ஜமால்பூரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அது மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பக்கத்தில் ஓடுவது பழைய பிரம்மபுத்திரா. ‘பழைய’ என்ற அடைமொழிக்குக் காரணம் உண்டு. 1787இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு சில பத்தாண்டுகளில் அந்த ஆறு தன் பெருநீரை மேற்கே ஜமுனா என்ற புதிய தடத்துக்குத் திருப்பிவிட்டது. ஜமால்பூருக்கும் மைமன்சிங்குக்கும் எஞ்சியது அகன்ற மணல்திட்டுகளும் மழைக்கு மட்டும் நிறைகிற பழைய படுகையும்தான். ஆறே இடம்பெயர்ந்து போன ஓர் ஊரில் ஹலோயின் பிள்ளைப்பருவம் கழிந்தது.

1947இல் வங்காளம் பிரிந்தது. 1950இன் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தில் வெடித்த கலவரங்களுக்குப் பிறகு பல இலட்சம் இந்துக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்து மேடைகளே அகதிகளின் குடியிருப்பாகின. அந்த ஆண்டு ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் ஒப்பந்தம் செய்துகொண்டபோதும் வருகை நின்றுவிடவில்லை. வந்த பெருங்கூட்டத்தில் பதினான்கு வயது ஹலோயும் ஒருவர்.

இதே மைமன்சிங் மண்ணில் பிறந்து எதிர்த்திசையில் போனவர் ஒருவரும் உண்டு. ஜைனுல் ஆபிதீன் பிரம்மபுத்திராவை நீர்வண்ணத்தில் வரைந்த படங்களுக்காக 1938இல் அனைத்திந்தியக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றவர். 1943 பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் செத்து விழுந்தவர்களைக் கறுப்பு மையால் வரைந்து உலகறியச் செய்தவர். கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த அவர், பிரிவினையோடு டாக்காவுக்குப் போய் 1948இல் அங்கே ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் விட்டுப்போன அதே கல்லூரியில்தான் ஹலோய் மாணவராகச் சேர்ந்து 1956இல் படிப்பை முடித்தார். ஒரே ஆற்றை நெஞ்சில் சுமந்த இருவரும் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் மாறி அமர்ந்தார்கள் என்பது துணைக்கண்ட ஓவிய வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

கல்கத்தாவில் நீரில் கரைத்த நிறத்துக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. 1903இல் யொகொயாமா தைகான் என்ற ஜப்பானிய ஓவியர் அங்கே வந்தபோது அவர் வேலை செய்யும் முறையை அவனீந்திரநாத் தாகூர் கவனித்தார். அதிலிருந்து, நிறம் பூசிய காகிதத்தைத் திரும்பத் திரும்ப நீரில் நனைத்து மென்மையாக்கும் ஒரு பாணியை உருவாக்கினார். ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்துக்கு எதிராக நீரைத் தேர்ந்தெடுப்பது அன்று சுதேசிக் கொள்கையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஹலோய் படித்த காலத்தில் அந்த வேகம் தணிந்திருந்தாலும், காகிதமும் நீரும் எண்ணெயைவிடத் தாழ்ந்தவை என்ற எண்ணம் அந்த நகரத்தில் வேரூன்றவில்லை.

அவரை உண்மையில் உருவாக்கியது அஜந்தா என்பேன். 1957இல் இந்தியத் தொல்லியல் துறையில் சேர்ந்து, அந்தக் குகைச் சுவரோவியங்களைப் படியெடுக்கும் வேலைக்குப் போனார். ஆறேழு ஆண்டுகள் அங்கே கழிந்தன.

அஜந்தாவைப் படியெடுப்பது என்பது நீண்ட, துயரமான வரலாறு கொண்ட தொழில். 1844இல் கிழக்கிந்தியக் கம்பனி மதராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரியை அந்த வேலைக்கு நியமித்தது. அவர் ஆண்டுக்கணக்கில் காட்டிலேயே தங்கி வரைந்து இலண்டனுக்கு அனுப்பிய பெரும் படங்களில் மிகப் பெரும்பாலானவை 1866இல் கிரிஸ்டல் பேலஸில் மூண்ட தீயில் எரிந்துபோயின. அதன்பின் பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களோடு 1872 முதல் மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885இல் இலண்டனில் நடந்த இன்னொரு தீவிபத்தில் அழிந்தன. 1909இல் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் அம்மையார் வந்தபோது அவரோடு வேலை செய்தவர்களில் இளைஞரான நந்தலால் போஸும் இருந்தார். அந்த வரிசையில் வந்தவர் ஹலோய்.

அஜந்தாவில் கரடுமுரடான பாறைமேல் உமியும் நாரும் கலந்த களிமண்ணைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பை மெல்லிய படலமாக இழுத்து, அது காய்ந்த பிறகே பசை கலந்த மண்நிறங்களால் வரைந்திருக்கிறார்கள். மண்வீடு மெழுகத் தெரிந்த எவருக்கும் புரியக்கூடிய வேலை இது. படியெடுப்பவர் உருவங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போதிசத்துவரின் தோள் உதிர்ந்த இடத்தில் தெரிகிற களிமண்ணையும், வெடிப்பையும், ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஊறிப்போன விளிம்பையும் அதே கவனத்தோடு வரைந்தாக வேண்டும். நாள் முழுவதும் அப்படிப் பார்த்த கண்ணுக்கு, உருவம் முடிந்து வெறும் பரப்பு தொடங்குகிற இடமும் ஓவியமாகவே தெரியத் தொடங்குவது இயல்பு. அவருடைய பிற்கால அருவப் படங்களில் தெரிகிற, தேய்ந்து பழுத்த சுவரின் தன்மை அங்கிருந்து வந்தது என்பது என் துணிபு.

1963இல் தாம் படித்த கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1971இல் ‘சொசைட்டி ஆஃப் கண்டெம்பரரி ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற ஓவியர் அமைப்பில் உறுப்பினரானார். அந்தப் பத்தாண்டுகளில் அவர் நிலக்காட்சிகளை வரைந்துகொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் தொடுவானம் போயிற்று, பிறகு தூரம் போயிற்று. ‘மெட்டாஸ்கேப்’ என்று பெயரிட்ட வரிசையில், பார்க்கப்படும் நிலத்திலிருந்து நினைக்கப்படும் நிலத்துக்கு நகர்ந்தார். பின்னாளில் வெண்மை கலந்து திடமாக்கிய நீர்வண்ணமாகிய குவாஷே அவருக்குரிய ஊடகமாயிற்று. தெளிநீர்வண்ணத்தில் இட்ட கறையை மறைக்க முடியாது. குவாஷில் ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றைப் பூசி மூடலாம், மூடியதைக் கொஞ்சம் தேய்த்துக் கீழே இருப்பதைக் காட்டவும் செய்யலாம். ஊரைவிட்டு வந்த ஒருவரின் நினைவு வேலை செய்யும் விதத்துக்கு இதைவிடப் பொருந்தும் ஊடகத்தை யோசிக்க முடியவில்லை.

அகதியாக வந்தவர் வரைந்த படங்களில் துயரம் எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ரித்விக் கட்டக் 1960இல் ‘மேகே டாகா தாரா’ படத்தில் அகதிக் குடும்பத்தின் கதறலைக் காதில் அறைகிற மாதிரி வைத்தார். சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர் எழுபதுகளில் ‘காயங்கள்’ வரிசையில், வெள்ளைக் காகிதக்கூழில் கீறலையும் துளையையும் மட்டும் பதித்தார். அதுவும் அருவந்தான், ஆனால் வலியைத் தொட்டுப் பார்க்கலாம். ஹலோய் அந்த வழியில் போகவில்லை. அவர் இழப்பை வரையாமல் இழந்ததை வரைந்தார்: பாசி படிந்த குளம், நாற்றங்காலின் பச்சை, தண்ணீரில் நட்ட மூங்கில் கழியின் நிழல். பெயர் சொல்லி எதையும் வரையாததால்தான் அந்த ஊர் அவர் கையைவிட்டுப் போகவில்லை. தப்பித்துப் போவதற்காக அருவத்துக்குள் ஒளிந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது.

உலகம் தாமதமாகத்தான் திரும்பிப் பார்த்தது. 2014இல் பெர்லின் பியென்னாலே, 2017இல் ஏதென்ஸிலும் காசலிலும் நடந்த பதினான்காவது டொக்குமெண்டா ஆகியவற்றில் அவர் படங்கள் இடம்பெற்றன. டொக்குமெண்டாவின்போது அவருக்கு வயது எண்பத்தொன்று.

இனி நம் பக்கம் வருவோம். ஈழத்தமிழ் வாசகரிடையே ‘புரியாத படம்’ என்று ஒதுக்கப்படுகிற அருவ ஓவியத்துக்கு, வாவியின் இரு கரையிலும் கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஊரை இழப்பதும் இங்கே புதிதல்ல. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையான எழுவான்கரையை அள்ளிக்கொண்டு போனது. 2006, 2007இல் போரால் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் இலட்சத்துக்கும் மேல். ஊரை நினைவால் மட்டும் வைத்திருந்த மாதங்கள் இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு.

அந்த நினைவைக் காகிதத்தில் வைத்தவர்களும் உண்டு. காகிதம் தங்குவதுதான் அரிது. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு ஓவியம் கற்பித்த அ. மாற்குவின் பல படைப்புகள் 1995 இடப்பெயர்வோடு தொலைந்துபோயின. 1987இல் வெளியான ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற சிறப்பு மலர் இல்லாதிருந்தால் அவரைப் பற்றி இன்று அறிவது இன்னும் குறைவாக இருந்திருக்கும். அவரிடம் பயின்ற வாசுகி பிறகு மட்டக்களப்பைத் தம் வாழ்விடமாகவும் களமாகவும் ஆக்கிக்கொண்டார். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் ஓவிய மாணவர்களை ஆண்டுதோறும் பயிற்றி அனுப்புகிறது.

உங்கள் வீட்டு அலுமாரியில், பாடசாலைக் களஞ்சியத்தில், அகதி முகாமிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் யாரோ வரைந்த நீர்வண்ணப் படங்கள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் வரைந்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். தெளிவாகப் படம்பிடித்து ஒரு பிரதியைக் கல்லடி நிறுவகத்துக்கோ, ஈழத்தமிழர் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ அனுப்பி, பாதுகாக்கும்படி கேளுங்கள்.