வடக்குப் பாதையின் வெறுங்கால்கள்

இலங்கையில் பலாபத்வல என்ற ஊர், மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வடக்குப் பாதையில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தங்களை அழைத்துவந்த கங்காணியின் பின்னே காடு கடந்து, இந்தப் பாதை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். 1880இல் ரயில் மாத்தளையை எட்டியது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்தது. நெடுநடை ஒழிந்தாலும் தோட்டத்தில் வெறுங்கால் வேலை தொடர்ந்தது.

வெறுங்காலில் தொடர்ந்த அழுத்தத்தால் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு உலர்ந்த குதிகால் பிளந்தால் பித்தவெடிப்பு. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதும், மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசுவதும் தமிழர் வீட்டு வைத்தியம்.

வெடிப்பைவிடப் பெரிய ஆபத்து மண்ணில் இருந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் இரத்தம் உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கியது. மருந்து கொடுத்துப் புழுவை நீக்கினாலும், மலசலகூடம் இல்லாத லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், தொற்று திரும்பியது. காய்ப்பேறிய பாதமும் முழுக் காப்பல்ல. விரலிடுக்கின் மென்தோல் புழுவுக்குப் போதும். பாதத்தைக் காக்கச் செருப்பும் மலசலகூடமும் சேர்ந்தே தேவைப்பட்டன.