சிகாகோ நகரம் எதிர் மொராலஸ்

கும்பல் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மொராலஸ் உள்ளிட்டோர் மீது பதிவான குற்றச்சாட்டுகளை எதிர்த்து எழுந்த அமெரிக்க வழக்கு. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999 ஜூன் 10 அன்று இதில் தீர்ப்பளித்தது.

சிகாகோ நகர மன்றம் 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. கும்பலைச் சேர்ந்தவர் எனக் காவலர் கருதும் ஒருவர், பிறருடன் பொது இடத்தில் ‘வெளிப்படையான நோக்கமின்றி’ நின்றால், அனைவரையும் கலைந்துபோக ஆணையிடலாம், மீறினால் கைது. 500 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். கும்பலோடு தொடர்பே இல்லாதவரும் இதில் சிக்க இடமிருந்தது. மூன்றாண்டுகளில் 89,000க்கு மேற்பட்ட ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 42,000க்கு மேற்பட்டோர் கைதாயினர்.

இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் இச்சட்டம் செல்லாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 6–3 என்ற பெரும்பான்மையில் அதை உறுதிசெய்தது. முதன்மைத் தீர்ப்பை நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். எது குற்றம் என்பதைக் குடிமக்களுக்குத் தெளிவாக்காமல், காவலரின் விருப்பத்துக்கு விட்டுவிடும் சட்டம், 14ஆம் திருத்தம் உறுதியளிக்கும் உரிய சட்டநெறிக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் ரென்குவிஸ்ட், ஸ்காலியா, தாமஸ் ஆகியோர் மாறுபட்டனர். நீதிபதி ஓ’கானரின் தனிக் கருத்து, குறுகிய வரையறையுள்ள சட்டத்துக்கு வழிவிட்டது. அதன்படி சிகாகோ 2000இல் திருத்திய சட்டத்தைக் கொண்டுவந்தது.