சீருடை பூண்ட உறவு

விக்டோரியா காலத்துப் புகைப்படங்களுள், அரச குடும்பத்தினரும் குதிரைப்படை அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து எடுத்துக்கொண்ட குழுப்படங்கள் தனி வகையின. நடுவே அரச விருந்தினர் வீற்றிருப்பார். இருமருங்கும் மூத்த அதிகாரிகள், பின்வரிசையில் இளையோர். முகங்களை மறைத்துவிட்டு இருக்கைகளை மட்டும் நோக்கினாலும் யார் யாருக்கு மேலானவர் என்பது விளங்கிவிடும். பிரித்தானியப் படையில் 1871 வரை அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. அம்முறை ஒழிந்த பின்னரும் குதிரைப்படை வாழ்வின் செலவை ஊதியத்தால் மட்டும் தாங்க இயலவில்லை. ஆதலின் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கு அதிகாரிகளாயினர். இளவரசரும் அதிகாரியும் அருகருகே அமர்ந்திருப்பதில் வியப்பொன்றுமில்லை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய எளிய வீரனுக்குத்தான் அச்சட்டத்தினுள் இடமில்லை.

அரச குடும்பத்திற்கும் குதிரைப்படைக்கும் இருந்த பிணைப்பு வெறும் அலங்காரமன்று. பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், 1863இல் பத்தாம் ஹுசார் படைப்பிரிவின் கர்னலானார். அவருடைய மூத்த மகன் ஆல்பர்ட் விக்டர் 1885இல் அதே படையிற் சேர்ந்து, 1892இல் இருபத்தெட்டாம் வயதில் காய்ச்சலால் இறந்தார். வின்ட்சரில் உள்ள அவரது கல்லறை மீது சிற்பி ஆல்ஃபிரட் கில்பர்ட் வடித்த உருவம் இன்றும் ஹுசார் சீருடையிலேயே கிடக்கிறது.

இந்தப் பிணைப்பு நாட்டெல்லையையும் கடந்தது. ஒரு நாட்டு அரசரை மற்றொரு நாட்டுப் படைப்பிரிவின் சிறப்புத் தலைவராக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நிலவியது. 1889இல் விக்டோரியா மகாராணி பிரஷ்ய நாட்டு முதலாம் காவல் டிராகூன் படைப்பிரிவின் தலைவியானார். அவருடைய மூத்த பேரன் கைசர் இரண்டாம் வில்ஹெல்மோ அதே ஆண்டில் பிரித்தானியக் கடற்படையின் உயர் தளபதிப் பட்டம் பெற்றார். 1894இல் அவருக்கு ராயல் டிராகூன் படைப்பிரிவின் தலைமையும் கிட்டியது. வாட்டர்லூ போரில் பிரெஞ்சுப் படையின் கழுகுச் சின்னத்தைக் கைப்பற்றிய படை அது. அவ்வாண்டிலேயே ரஷ்ய அரியணை ஏறிய இரண்டாம் நிக்கோலஸுக்கு ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ் படைப்பிரிவு அளிக்கப்பட்டது. ஒரு பாட்டியின் பேரனுக்கு ஒரு படை, பேத்தியின் கணவனுக்கு மற்றொரு படை. சீர்வரிசை போலத்தான்!

1894ஆம் ஆண்டின் ஒரு படம் இதனைத் தெளிவாக்கும். ஏப்ரல் மாதம் கோபர்க் நகரில் மகாராணியின் பேரன் எர்ன்ஸ்ட்டுக்கும் பேத்தி விக்டோரியா மெலிட்டாவுக்கும் திருமணம் நடந்தது. மறுநாள் நிக்கோலஸுக்கும் எர்ன்ஸ்ட்டின் தங்கை அலிக்ஸுக்கும் மணம் உறுதியாயிற்று. அதற்கும் மறுநாள் குடும்பமே கூடிப் படம் எடுத்துக்கொண்டது. கறுப்புடையில் மகாராணி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அருகே சீருடையில் வில்ஹெல்ம். பின்னால் நிற்கிறார் நிக்கோலஸ். பிறவியிலேயே ஊனமுற்ற இடக்கையைப் படங்களில் மறைப்பதில் வில்ஹெல்ம் மிகுந்த கவனம் கொண்டவர். வாளும் கையுறையும் அதற்குத் துணை நின்றன. அப்படத்திற்குக் காரணமான மணவுறவோ 1901இல் மணவிலக்கில் முடிந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் மகாராணி இறந்தபோது வில்ஹெல்ம் படுக்கையருகே இருந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் போர் மூண்டது. ராயல் டிராகூன் படையின் தலைவர் பகைநாட்டுப் பேரரசரானார். அவரது பதவி பறிக்கப்பட்டது. 1914 அக்டோபரில் அப்படைப்பிரிவு பெல்ஜியத்தில் இறங்கி, நேற்றுவரை தன் தலைவராயிருந்தவரின் படையை எதிர்த்து நின்றது.

கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு பெயர் அப்படையில் உண்டு. ஜூலியன் கிரென்ஃபெல் 1910இல் அதில் அதிகாரியாகச் சேர்ந்தார்; நான்காண்டுக் காலம் அவரது படைத்தலைவர் கைசர் வில்ஹெல்ம்தான். 1915 வசந்தத்தில், 'இன்டு பேட்டில்' என்னும் கவிதையை அவர் எழுதினார். புல்லும் மரமும் பறவையும் போர்வீரனுக்குத் துணையாய் நிற்கும் கவிதை அது. சாவையும் இயற்கையின் நிறைவாகவே காணும் அதன் பார்வையை இன்றைய நெஞ்சம் எளிதில் ஏற்காது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அக்கவிதையில் பகைவனுக்குப் பெயரில்லை, நாடில்லை. அவன்மீது ஒரு வசைச்சொல்கூட இல்லை. வஞ்சினமும் பகையும் உரத்து ஒலிக்கும் புறப்பாடல்களில் தோய்ந்த நமக்கு இம்மௌனம் உடனே புலப்படும். வெறுக்கக் கற்றுக்கொள்ளாத தலைமுறையின் மௌனம் என்றே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது. சீருடை தந்த உறவும் அதில் ஒளிந்திருக்கலாம்.

மே 13 அன்று ஈப்ர நகரருகே குண்டுச் சிதறல் அவர் தலையில் பாய்ந்தது. அதே மாதத்தில்தான், வின்ட்சர் ஆலயத்தில் தொங்கிய கைசரின் கொடி மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் ஆணையால் இறக்கப்பட்டது. மே 26 அன்று பூலோன் மருத்துவமனையில் கிரென்ஃபெல் இறந்தார். அந்த வாரத்திலேயே 'தி டைம்ஸ்' இதழில் அவரது கவிதை வெளிவந்தது. இரண்டு மாதம் கழிந்து அவருடைய தம்பியும் ஈப்ர அருகே மாண்டார், உடல் அறியப்படவில்லை. ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்த மெனின் வாயிலில், படம் எடுக்கும்போது இடம் பெறாத எளிய டிராகூன் வீரர்களின் பெயர்களோடு அத்தம்பியின் பெயரும் இருக்கிறது. அண்ணனின் பெயர் 1985இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில், பதினாறு போர்க்கவிஞர்களுக்கெனப் பதித்த கல்லில் இடம்பெற்றது.