பின்னடைவு என்ற சொல்லைத் தொலைத்த கதை

இளங்கலையில் பொருளாதாரம் படித்தபோது புள்ளியியல் ஒரு தாள். அப்பாக்களின் உயரம் ஒரு பத்தியில், மகன்களின் உயரம் மறு பத்தியில். கோடு போட்டால் மார்க். யாரை எதுக்கு அளந்தாங்க என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தமிழ் எம்.ஏ. முடித்து, சொல்லை நோண்டும் புத்தியோடு திரும்பிப் போனபோதுதான் பிடிபட்டது. 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'நடுத்தரத்தை நோக்கிய பின்னடைவு' பற்றியது. நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் சரிகிறார்கள். இதை அவர் வெறும் கணக்காகப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. உயர்ந்த இரத்தத்தைப் பெருக்கும் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இலேயே உண்டாக்கியவர் அவர். ஒட்டுறவுக் கெழுவுக்கு வடிவம் தந்த கார்ல் பியர்சன், 1911இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் யூஜெனிக்ஸ் பேராசிரியரானார். அந்த நாற்காலிக்குக் காசு கால்டனின் உயிலிலிருந்து வந்தது.

நம்மூரில் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்தார்; 1909இல் ஏழு தொகுதிகள். 1936இல் மகலனோபிஸ் வகுத்த 'தூரம்'கூட, கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடலளவுகளில் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சிதான்.

நம் பாடநூல் ரிக்ரெஷனுக்கு வைத்த பெயர் 'தொடர்புப் போக்கு'. கணக்குக்குப் பொருத்தமான, சுத்தமான சொல். ஆனால் பின்னடைவு அதில் இல்லை. யாருடைய பின்னடைவை நினைத்து யார் பயந்தார்கள் என்பதும் இல்லை. சூத்திரம் வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2020இல் அந்தக் கல்லூரி கால்டன், பியர்சன் பெயர்களைக் கட்டடங்களிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே எடுப்பதற்குப் பெயரே மாட்டியிருக்கவில்லை.