சி.ஏ ஆர்ட்டிகிள்ஷிப்: ஆடிட்டர் ஆபீஸ்தான் உங்க காலேஜ்!

டாக்டராக மெடிக்கல் காலேஜ் இருக்கு. வக்கீலாக லா காலேஜ் இருக்கு. ஆனா, சி.ஏ ஆக காலேஜே கிடையாது! பாடத்திட்டமும் தேர்வும் 1949-ல் தொடங்கப்பட்ட ஐ.சி.ஏ.ஐ-யின் பொறுப்பு. தொழிலைக் கற்றுத்தருவது பிராக்டிஸில் இருக்கும் ஒரு ஆடிட்டர். அவர் 'பிரின்சிபல்', நீங்க 'ஆர்ட்டிகிள்'.

எப்போது சேரலாம்?

இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்து, ஐ.டி, ஓரியன்டேஷன் பயிற்சிகளையும் முடித்திருக்க வேண்டும். முன்பு 3 ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப், 2023 ஜூலை 1 முதல் 2 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. லீவு வருஷத்துக்கு 12 நாள்தான். பயிற்சி முடிந்து 6 மாதம் கழித்து ஃபைனல் எழுதலாம்.

ஒருவரிடம் எத்தனை பேர்?

ஆடிட்டர் இஷ்டத்துக்கு ஆள் சேர்க்க முடியாது. பிராக்டிஸ் தொடங்கி 3 ஆண்டுக்குள் என்றால் ஒரே ஒருவர். 7 ஆண்டுகளைத் தாண்டியவர் என்றால் 10 பேர் வரை. கூட்டத்தில் ஒளிந்துகொள்ள வழியில்லை. நீங்க தயாரித்த பேப்பரில் தப்பு இருந்தால், உங்களைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

சென்னைக்குத்தான் போகணுமா?

சிவகிரியில் இருக்கீங்கன்னு வைங்க. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ராஜபாளையம் நூற்பாலைகளும், சங்கரன்கோவில் விசைத்தறிகளும், புளியங்குடி எலுமிச்சை வியாபாரமும் இருக்கு. சிவகாசி, திருநெல்வேலி, மதுரையில் ஐ.சி.ஏ.ஐ கிளைகளே உண்டு. சின்ன ஆபீஸில் ஜி.எஸ்.டி, வருமான வரி, மில் குடோனில் பஞ்சுப் பேல் எண்ணுவது என எல்லாமே கைக்கு வரும். பெரிய கம்பெனி ஆடிட் அனுபவத்துக்கு நகரத்து ஆபீஸ்தான் வசதி. ஆனா, குறைந்தபட்ச ஸ்டைபண்ட் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. சின்ன ஊரில் குறைவு. அறை வாடகை, சாப்பாட்டுச் செலவையும் கூட்டிக் கழித்துப் பாருங்க.

சேரும் முன் கேளுங்க

ஆடிட், வரி இரண்டிலும் வேலை தருவாரா? பரீட்சைக்கு லீவு எவ்வளவு? அங்கே இப்போது இருக்கும் ஆர்ட்டிகிள்களிடமும் பேசிடுங்க. அந்த 2 வருஷமும் அவர் கையில்தான்; நினைத்த நேரத்தில் வேறு ஆபீஸுக்குத் தாவ முடியாது, அதற்கும் விதிகள் உண்டு.

'வேலைக்கு வர வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிடுங்க. இந்த 'டம்மி ஆர்ட்டிகிள்ஷிப்' தெரியவந்தால், பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். தப்பித்தாலும், முதல் கிளையன்ட் ஃபைலை நீட்டும்போது கை நடுங்கும்!